சுவர் ஏறி வந்த புகை

தம்பி,

ஒரு நாள் நீ உன் கலியாணப் பத்திரிகையைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு நிவித்திகலப் பக்கத்தில் இருக்கும் அந்தத் தோட்டத்துக்குப் போவாய். போகத்தான் வேண்டும், உன் அப்பாவின் சொந்தமெல்லாம் அங்கேதான் இருக்கிறது. லயத்தில் உனக்குத் தேத்தண்ணி கொடுப்பார்கள், கன்னத்தைத் தடவுவார்கள், அப்படியே அப்பனை உரித்து வைத்திருக்கிறான் என்பார்கள். பிறகு யாராவது ஒருத்தர், அநேகமாக நல்ல மனதோடுதான், மெதுவாகச் சொல்வார். கொட்டுகிற மழையில் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடிய மனிதருடைய கையிலிருந்து உன் அம்மா உன்னைப் பிடுங்கினாள், ஒரு பீடி நாற்றத்துக்காகக் குடும்பத்தை உடைத்துவிட்டுப் போனாள் என்று. பிடுங்கியது உண்மை. மற்றதை என்னிடம் கேட்க வேண்டும். நீ கேட்டாலும் நான் ஒழுங்காகச் சொல்வேனா என்பது சந்தேகம், ஏனென்றால் யாராவது நேருக்கு நேர் பார்த்துக் கேட்டால் எனக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். அதனால் நீ இன்னும் சுவரைப் பிடித்து நடக்கப் பழகும்போதே எழுதி வைக்கிறேன். எனக்கு இப்போது பத்தொன்பது வயது. நீ இதை வாசிக்கும் நேரம் அதைவிடக் கூடிய வயது உனக்கு இருக்கும். ஆகவே அம்மா எழுதியது என்று பயந்து வாசிக்காதே, உன்னைவிடச் சின்னப் பெண் ஒருத்தி எழுதியது என்று நினைத்து வாசி.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். என் அம்மா குவைத்துக்கு வேலைக்குப் போனார், தம்பிமாரைப் பார்க்க வீட்டில் ஆள் வேண்டியிருந்தது. பதினெட்டு முடிந்த கையோடு உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு வந்தேன். உன் அப்பாவுக்குத் தாய் தகப்பன் சிறு வயதிலேயே இல்லாமல் போய்விட்டார்கள். அவரை வளர்த்தது அவருடைய பெரியப்பாவும் பெரியம்மாவும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பெரியப்பா தேயிலை பெக்டரியில் வேலை செய்து ஓய்ந்தவர். லயத்தில் எல்லோருமே அவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் உனக்கு அப்படியே எழுதுகிறேன். எனக்கு முறைக்கு மாமா. எங்களுக்குக் கலியாணம் முடிந்ததும் அவர்தான் தோட்டத்து ஆபிசுக்கு நடையாக நடந்து, தங்கள் வீட்டுக்கு அடுத்த காம்பராவை எங்களுக்கு எடுத்துக் கொடுத்தார். யார் வீட்டில் சாவு என்றாலும் முதலில் போய் நிற்பவர் அவர். குழந்தை என்றால் உயிரை விடுவார். இதையெல்லாம் முதலிலேயே எழுதுகிறேன், ஏனென்றால் லயத்தில் உன்னிடம் இதைச் சொல்வார்கள், சொல்வது பொய் இல்லை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

நீ லயத்தில் வளரவில்லை என்பதால் அந்தக் கட்டடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு நீளக் கட்டடம், அதற்குள் ஒன்றோடொன்று ஒட்டிய காம்பராக்கள், அதாவது ஒற்றை அறை வீடுகள், எல்லாவற்றுக்கும் மேலே ஒரே தகரக் கூரை. நடுச்சுவர்கள் கூரை வரை போவதில்லை. நெட்டையான ஆள் கையைத் தூக்கினால் எட்டுகிற உயரத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் தகரம் வரை வெறும் இடைவெளிதான். அந்த இடைவெளியால் எல்லாம் வரும், போகும். பெரியம்மா ஒரு கிண்ணத்தில் பருப்பு வைத்துச் சுவருக்கு மேலால் நீட்டுவார், நான் கட்டிலில் ஏறி வாங்குவேன். எங்கள் பல்ப் எரிந்து போனால் அவர்கள் வெளிச்சம் எங்களுக்குப் போதும். நீ அழுதால் அந்தப் பக்கமிருந்து பெரியப்பா 'யாரு என் ராசாவ அடிச்சது' என்று கேட்பார், நீ அழுகையை நிறுத்திவிட்டுத் தகரத்தைப் பார்ப்பாய். அவருடைய பீடியும் அப்படியேதான் வந்தது. கோயிலில் இருக்கும் நேரத்தையும் தூங்கும் நேரத்தையும் தவிர அவர் வாயில் பீடி இருக்கும். புகை சுவரில் ஏறி, தகரத்தில் முட்டி, எங்கள் பக்கம் இறங்கும். காலையில் ஓட்டை வழியாக விழுகிற வெயில் கோட்டில் அது உன் தொட்டிலுக்கு மேல் இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். முந்தானையால் விசிறுவேன், அது கொஞ்சம் விலகி மறுபடியும் இறங்கும்.

உனக்கு முதல்முறை நெஞ்சு இழுத்தபோது நீ குப்புறப் படுக்கக்கூடப் பழகவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே தோல் குழி விழுந்து குழி விழுந்து எழும்பியது. டவுன் ஆஸ்பத்திரியில் டொக்டர் சிங்களத்தில் கேட்டார், நானும் சிங்களத்தில்தான் சொன்னேன். இந்தப் பக்கத்தில் பிறந்த எங்களுக்குப் பாஷை ஒரு தடையில்லை, என் குரல்தான் தடை.

"வீட்ல யார் சிகரட் குடிக்கிறது?"

"யாரும் இல்ல டொக்டர்."

"குழந்தையோட அப்பா?"

"அவர் குடிக்கிறதே இல்ல."

"அப்ப இந்தத் துணியெல்லாம் எப்படி பீடி மணக்குது?"

"பக்கத்து வீட்டுல இருந்து வருது."

"அவர் உங்க வீட்டுக்கு வந்து குடிக்கிறாரா?"

"இல்ல, அவர் அவங்க வீட்லதான் குடிக்கிறார்."

"அப்ப கதவச் சாத்தி வைங்க."

"கதவால வர்றதில்ல டொக்டர். சுவருக்கு மேலால வருது."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். சுவருக்கு மேலே கூரைதானே இருக்கும் என்றார். கூரை இருக்கிறது, ஆனால் சுவர் அதுவரை போகவில்லை என்றேன். புருசனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார் போல. குழந்தைக்காகவாவது அவரை நிறுத்தச் சொல்லுங்கள் என்று சொல்லி மருந்து எழுதிக் கொடுத்தார். வெளியே வந்து சொன்னபோது உன் அப்பா சிரித்தார், நானும் சிரித்தேன். அந்த விஷயத்தில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து, பெரியப்பாவிடம் சொல்லுங்கள் என்று உன் அப்பாவிடம் கேட்டேன். "என்னய வளத்த மனுசன். அவரு வீட்ல அவரு குடிக்கிறாரு. நான் போய் என்னான்னு சொல்றது?" என்றார். பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறதே என்றேன். "நீ பெரியம்மாகிட்ட சொல்லு. பொம்பளைங்களுக்குள்ள பேசிக்கோங்க" என்றார். எங்கள் ஆட்களில் மருமகள் மாமனார் முறைக்காரரோடு நேரே பேசுவதில்லை, பேசினாலும் தலையைக் குனிந்துகொண்டு சாப்பாடு வைத்திருக்கிறேன் என்பதற்கு மேல் போகாது. அதனால் பெரியம்மாவிடம் சொன்னேன். அவர் அதைப் பின்னேரம் லயமே வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து, சத்தமாகச் சொன்னார். "ஏங்க, நம்ம மருமகளுக்கு ஒங்க பீடி புடிக்கலயாம். நாளையில இருந்து ரோசாப்பூவச் சுருட்டிக் குடிங்க." ஐந்தாறு வீட்டுக்கு அப்பாலிருந்துகூடச் சிரிப்புக் கேட்டது. பெரியப்பாவும் சிரித்தார். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் லயமே தண்ணீர் பிடிக்கிற பீலியடிக்குப் போய்க் கல்லில் உட்கார்ந்து குடித்தார். அங்கிருந்தே "மருமகளே, இங்கேருந்து மணக்குதா?" என்று கத்துவார், குடத்தோடு நிற்கிற பெண்களெல்லாம் என்னைப் பார்ப்பார்கள். பிறகு மழை பிடித்தது. எங்கள் பக்கத்து மழையைப் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை. மழையோடு அவர் உள்ளே வந்தார், அவரோடு பீடியும் வந்தது. சொல்ல வேண்டியதை ஒருநாளும் வேறொருத்தர் வாயில் கொடுத்து அனுப்பாதே தம்பி. போய்ச் சேரும்போது அது வேடிக்கையாகிவிடும். வேடிக்கைக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாம் முறையும் உனக்கு இழுத்தது. அதற்குப் பிறகு, உன் அப்பா ரப்பர் பால் வெட்டப் போயிருந்த ஒரு காலையில், காலி உரப் பைகளைக் கழுவிக் காயவைத்து, ஒன்றோடொன்று தைத்து, கட்டிலை இழுத்துப் போட்டு ஏறி, சுவருக்கும் தகரத்துக்கும் நடுவில் முழு நீளத்துக்கும் அடித்தேன். ஆணி அடிக்கும் சத்தம் கேட்டு அந்தப் பக்கம் பேச்சு நின்றது. நான் அடித்து முடித்து இறங்கினேன். கடைசியில் பெரியம்மா, என்னிடம் இல்லை, வெறும் காற்றிடம் சொன்னார்: "அடச்சிட்டா. நல்லா அடச்சிட்டா." லயத்தில் அந்த இடைவெளியை அடைப்பது சின்னக் காரியமில்லை. கத்தி எடுத்துச் சண்டை பிடித்துப் பொலிசுக்குப் போன வீடுகள்தான் அடைக்கும். உன் சாவுக்கு நான் வரமாட்டேன், என் சாவுக்கு நீ வராதே என்று சொல்வது மாதிரி. அது எனக்குத் தெரியாமலில்லை. குழந்தையின் நெஞ்சு அதற்குப் போதுமான காரணம் என்று எல்லோருக்கும் விளங்கும் என்று நினைத்தேன்.

அதைவிட மோசமானது ஒன்றை நான் யோசிக்கவில்லை. எங்கள் மற்றப் பக்கச் சுவர் மட்டும் தகரம் வரை கட்டியது, அதனால் எங்கள் அடுப்புப் புகையும் அந்த இடைவெளியால்தான் வெளியே போய்க்கொண்டிருந்தது. ஈர ரப்பர் விறகுப் புகை போக வழியில்லாமல் உரப் பையில் முட்டித் திரும்பி வந்து வீட்டுக்குள்ளேயே நின்றது. நீ முன்பைவிடக் கூடுதலாக இருமினாய். அது லயம் முழுக்கக் கேட்டது. "பெரியப்பா பீடியாம்ல. அவ அடுப்புப் பொகைய அவளே புடிச்சிப் பூட்டி வச்சிக்கிட்டு ஊர்ல பழி போடுறா" என்று பீலியடியில் சொன்னார்கள். பாதி சரி. நான் சமைத்த நாளிலிருந்து என் அடுப்புப் புகை பெரியம்மா பக்கம்தான் போயிருக்கிறது, அவருடைய இருமலில் எனக்கும் பங்கு இருக்கிறது, அவர் அதை ஒருநாளும் என்னிடம் சொல்லவில்லை. ஆனால் நான் செய்ததையும் யாராவது சொல்லவேண்டும். அடுப்பைத் தூக்கி வெளியே போட்டேன். பின்பக்கம் இரண்டு தகரத்தைச் சாய்த்து வைத்து, அதற்குக் கீழே குந்தியிருந்து, மழைச் சாரலில் அட்டைக் கடியோடு சமைத்தேன். உன் இருமல் குறைந்தது, பிறகு நின்றது, நீ இரவு முழுவதும் தூங்கினாய். உன் இருமல் கூடியதைக் கேட்ட காதுகள் அது நின்றதைக் கேட்கவில்லை.

இப்படி இருக்கும்போது ஒக்டோபர், செபமாலை மாதம் வந்தது. அந்த மாதம் மாதா சுரூபம் லயத்தின் முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை ஒவ்வொரு வீடாகப் போகும். ஒரு வீட்டில் வைத்துச் செபித்தபின், அந்த வீட்டுப் பெரியவரே சுரூபத்தைத் தன் கையால் தூக்கிக்கொண்டு போய் அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். கொடுக்கிற வீடும் வாங்குகிற வீடும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தால் சுரூபம் நகராது. அவர்கள் சமாதானமாகும் வரை லயமே காத்திருக்கும். சுரூபம் பெரியப்பா வீட்டுக்கு வந்து நின்றது. அடுத்தது எங்கள் வீடு. செபம் சொல்லிக் கொடுக்கிற அந்தோனி அண்ணன், கொழுந்து எடுக்கிற பெண்கள், பிள்ளைகள் என்று எல்லோரும் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். பெரியப்பா சுரூபத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"மாதா வர்ற வீட்ல இப்படி உர பேக் தொங்குனா நல்லாவா இருக்கு தங்கச்சி?" என்று அந்தோனி அண்ணன் கேட்டார்.

உன் அப்பா தரையைப் பார்த்தார். நான் ஏதோ சொன்னேன். "என்னா?" என்றார் அண்ணன். திரும்பச் சொன்னேன். "சத்தமா சொல்லும்மா, மாதாவுக்கும் கேக்கணும்ல" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்து முதல் தடவையாக நேரே பேசினேன். "மாமா வெளியில போய் குடிச்சா, பேக்க நானே அவுத்துர்றேன்."

சிரிப்பு நின்றது. பெரியப்பாவின் கண் கலங்கியது, அது நடிப்பில்லை. "இந்தா, மாதாவ கையில வச்சிக்கிட்டு சொல்றேன். இனி வீட்டுக்குள்ள பத்த மாட்டேன். என் ராசாவ விட எனக்கு பீடியா பெருசு?" என்றார். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். நானும் அழுதேன். அன்றைக்கே கட்டிலில் ஏறி ஆணிகளைப் பிடுங்கி உரப் பைகளை இறக்கினேன். பெரியம்மா அந்தப் பக்கமிருந்து ஒரு கிண்ணத்தில் பாயாசம் நீட்டினார். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். பட்டப்படிப்புப் படித்தவளாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

சுரூபம் அடுத்த வீட்டுக்குப் போய், அதற்கடுத்த வீட்டுக்கும் போனது. ஒரு நாள் மழை விடாமல் பெய்த காலையில், செபம் இல்லாத நேரத்தில், சுவருக்கு மேலால் சாம்பிராணி வாசம் வந்தது. மத்தியானமும் வந்தது. பின்னேரமும் வந்தது. சாம்பிராணிக்கு அடியில் பீடி இருந்தது, உன் தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்றால் யாருக்கும் தெரியும். "ஏன் அத்தை இவ்வளவு சாம்பிராணி?" என்று பெரியம்மாவிடம் கேட்டேன். "செபமாலை மாசம்ல கண்ணு. வீடு மணமா இருக்க வேணாமா?" என்றார். மாதம் முடிந்த பிறகும் சாம்பிராணி முடியவில்லை. முன்பு ஒரு புகை, இப்போது இரண்டு. உனக்குத் திரும்ப இழுக்க ஆரம்பித்தது. அந்தோனி அண்ணனிடம் போனேன். அவர் நெடுநேரம் தாடையைத் தடவிவிட்டு, "ஆணை போட்டது அவரு. கேட்டது மாதா. நடுவுல நீயும் நானும் யாரு தங்கச்சி?" என்றார். உன் அப்பாவிடம் சொன்னேன். "பெரியப்பா மாதா மேல பொய்ச் சத்தியம் பண்ணிட்டாருன்னு சொல்றியா? இத வெளியில யாருகிட்டயும் சொல்லிறாத" என்றார். அவருக்கும் மணந்தது தம்பி. லயத்தில் எல்லோருக்கும் மணந்தது. பீடி குடிக்கிறவரைப் பற்றி முன்பு சிரித்தாவது பேச முடிந்தது. ஆணை போட்டவரைப் பற்றி யாரும் பேச முடியாது. பேசினால் பாவம் அவருக்கு இல்லை, பேசினவருக்கு. திரும்ப உரப் பையை எடுத்தேன், உன் அப்பா அதை என் கையிலிருந்து வாங்கி மழையில் வெளியே எறிந்தார். மாதா வந்து போன வீட்டை அடைக்க விடமாட்டேன் என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் உனக்கு லயத்தில் சொல்வார்கள். ஒரு மத்தியானம், உன் அப்பா டவுனுக்குப் போயிருந்தார், உனக்கு மூச்சு வரவே இல்லை. உதடு நிறம் மாறியது. நான் சுவரைப் பார்த்துக் கத்தினேன். அடுத்த நிமிடம் பெரியப்பா உள்ளே நின்றார். உன்னை என் கையிலிருந்து எடுத்துத் தன் சுவெட்டருக்குள் சுற்றிக்கொண்டு, அந்த வயதில், அந்த மழையில், வழுக்குகிற படிகளில் திரீவீலர் நிற்கிற இடம் வரை ஓடினார். நான் பின்னால் ஓடினேன். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போகிற புள்ளக்காம்பராவில் இருந்த ஆயாவும் தாய்மாரும் வெளியே வந்து பார்த்தார்கள். அவர் உன்னை அணைத்துப் பிடித்திருந்த விதம் அவ்வளவு அன்பாக இருந்தது, உன் முகம் முழுவதும் அந்த சுவெட்டரில் புதைந்திருந்தது. அந்த சுவெட்டருக்குள் எத்தனை வருசப் பீடி இருந்தது. நீ முகத்தைத் திருப்பப் பார்த்தாய், அவர் குளிருமென்று திரும்ப உள்ளே அழுத்தினார். திரீவீலரில் உன்னோடு ஏறப் போனார்.

"புள்ளையக் குடுங்க மாமா" என்றேன்.

"நனஞ்சிருவாம்மா. நான் வச்சிக்கிறேன்."

"குடுங்க."

அவர் கொடுக்கவில்லை, நான் இழுத்தேன். உன்னை வெறும் துணியோடு நெஞ்சில் போட்டுக்கொண்டு ஏறி, போங்க என்று டிரைவரிடம் சொன்னேன். திரும்பிப் பார்க்கவில்லை. அவர் ரோட்டில் மழையில் கையை நீட்டியபடியே நின்றார் என்று பிறகு சொன்னார்கள், நின்றிருப்பார். நான் ஒன்றும் விளக்கவில்லை. விளக்க அப்போது நேரமில்லை, நேரம் இருந்திருந்தாலும் எனக்கு வாய் வந்திருக்காது. அதே காரியத்தைத் திரும்பவும் செய்வாயா என்று கேட்டால், செய்வேன்.

ஆஸ்பத்திரியில் உனக்கு மூக்கில் மாஸ்க் வைத்து மருந்து கொடுத்தார்கள், உன் நிறம் திரும்பியது. உன் அப்பா வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார். உன்னைப் பார்த்தார், தடவினார், அழுதார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அவரு மழையிலயே நின்னாராம். சாப்பிடக்கூட இல்லையாம். நீ வந்து மன்னிப்பு கேளு. அதுக்கப்புறம் வீட்டுக்கு வா."

"எதுக்கு மன்னிப்பு?"

"எதுக்குன்னு கேக்குற பாரு, அதுக்குத்தான்."

பக்கத்துக் கட்டிலில் பெல்மதுளையில் துணிக்கடை வைத்திருக்கிற ஒரு முஸ்லிம் நானாவின் மனைவி தன் மகளோடு இருந்தார். அவர் அதையெல்லாம் கேட்டுக்கொண்டு, கேட்காத மாதிரி இருந்தார். உன் அப்பா போனதும், "தைக்கத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். அப்படித்தான் நாம் இந்த அறைக்கு வந்தோம். கடைக்கு மேல் மாடியில் நான்கு அறைகள், நடுவில் ஒரு நடை. சுவர்கள் மேல்வரை போகின்றன. நான் ஸ்கூல் யூனிபோர்ம் தைக்கிறேன், நீ வெட்டுத் துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அவற்றைத் தின்னப் பார்க்கிறாய். வந்த புதிதில், கோடி அறையில் இருக்கிற ஒரு சிங்களப் பையன், மாணிக்கக் குழியில் வேலை செய்கிறவன், நடையில் நின்று சிகரட் பற்றவைத்தான். கதவுக்குக் கீழால் புகை வந்தது. கதவைத் திறந்து, உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, குழந்தைக்கு நெஞ்சு இழுக்கும் என்றேன். "சொரி நங்கி" என்று தங்கச்சி முறை சொல்லிவிட்டு அவன் கீழே போய்விட்டான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எப்போதும் கீழேதான் போகிறான், மழையென்றால் கடைத் தாழ்வாரத்தில் நிற்கிறான். நான் கதவைச் சாத்திவிட்டு வெகுநேரம் அழுதேன். அவனுக்கு என்மேல் அன்பு கிடையாது, என் பெயர்கூடத் தெரியாது. அவன் எனக்கு வீடு எடுத்துத் தரவில்லை, உன் அப்பாவை வளர்க்கவில்லை. அதனால் நான் சொன்னது அவன் காதில் அப்படியே விழுந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா வந்தார். ஞாயிறுகளில் வருகிறார், உன்னோடு விளையாடுகிறார், சாப்பிடுகிறார், கடைசி பஸ்ஸில் போகிறார். இந்த முறை வந்ததும் வராததுமாக, "பெரியப்பா பீடிய விட்டுட்டாரு" என்றார்.

"எப்ப?"

"நீ போனதுல இருந்தே. ஒன்னுகூட பத்தல. சனம் ஒரு மாதிரியாப் பேசுதுல்ல. புள்ளைய வெரட்டிட்டாருன்னு ஒரு பேச்சு வந்திருச்சி. அவருக்குத் தாங்கல."

நான் நம்பினேன். உன் அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. ஆனால் சந்தோசம் வரவில்லை தம்பி, வந்தது வேறொன்று. அவருக்கு முடிந்திருக்கிறது. உன் விலா எலும்பு குழி விழுந்தபோது வாசலுக்குப் போய் நின்று குடிக்க முடியாதவருக்கு, மாதாவைக் கையில் வைத்துச் சொன்னதைக் காப்பாற்ற முடியாதவருக்கு, சனம் பேசியதும் ஒரேயடியாக விட முடிந்திருக்கிறது. உன் மூச்சுக்கு இல்லாத கனம் ஊர்ப் பேச்சுக்கு இருந்திருக்கிறது. இப்போது லயத்தில், பேரப்பிள்ளையைப் பிரிந்த கவலையில் பெரியப்பா பீடியையே விட்டுவிட்டார் என்று அதையும் அவருடைய நல்ல குணத்தோடு சேர்த்துச் சொல்வார்களாம்.

"இப்ப என்னா சாக்கு சொல்லப் போற?" என்று உன் அப்பா கேட்டார்.

"சுவரு அப்படியேதான இருக்கு. நாளைக்கு அவரு திரும்பப் பத்துனா நான் யாருகிட்ட போய் சொல்றது?"

"சொல்லணும்னு என்னா இருக்கு? கொஞ்சம் பொறுத்துப் போகக்கூடாதா?"

"நான் பொறுத்துக்குவேங்க."

"பின்ன?"

நான் உன்னைக் காட்டினேன். நீ அவருடைய செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தாய். அவர் அதை உன் வாயிலிருந்து எடுத்துவிட்டு, உன்னை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார்.

நீ வளர்ந்தபின் பீடியோ சிகரட்டோ தொடமாட்டாய் என்று நான் எழுதப்போவதில்லை. உன் நெஞ்சு தாங்காது என்பது எனக்குத் தெரியும், அது தெரிந்தும் தொடுகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். சிகரட்டை மட்டும் சொல்லவில்லை. நீ சத்தமாக வைக்கிற பாட்டு, உன் வாசலில் தேங்குகிற தண்ணீர், எதுவாகவும் இருக்கலாம், நாம் மற்றவர்களோடு ஒட்டித்தான் இருக்கப்போகிறோம். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டு பாதிக் குரலில் ஏதோ சொன்னால், என்னா என்று திரும்பக் கேட்காதே. அவள் அதைச் சொல்லப் பல நாள் எடுத்திருப்பாள். முதல் தடவையிலேயே காதில் வாங்கிக்கொள். ஊரே உன்னை நல்லவன் என்று சொல்லும் நாளில் இன்னும் கவனமாகக் கேள், ஏனென்றால் அந்த நாளுக்குப் பிறகு யாரும் உன்னிடம் எதுவும் சொல்லமாட்டார்கள்.

பெரியப்பாவை வெறுக்க என்னால் முடியவில்லை. முடிந்திருந்தால் இலகுவாக இருந்திருக்கும். நத்தாருக்கு, கிறிஸ்மஸ் அன்றைக்கு, உன்னைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் போகிறேன் என்று உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். பெரியப்பாவுக்கு ஒரு சேர்ட் தைத்திருக்கிறேன், அளவு கேட்காமல் கண் மட்டத்தில் வெட்டியது, சரியாக இருக்கும். அவர் உன்னைத் தூக்கக் கேட்டால் கொடுப்பேன். மன்னிப்புக் கேட்கமாட்டேன். சாப்பிடுவோம், பூசைக்குப் போவோம், பெரியம்மாவுக்குப் பாத்திரம் கழுவிக் கொடுப்பேன். பின்னேரம் பெல்மதுளைக்குப் போகிற கடைசி பஸ்ஸுக்கு முன்னால் உன்னை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு இறங்கிவிடுவேன். அங்கே இரவு தங்கமாட்டோம். இதையும் உன் அப்பாவிடம் சொன்னேன். பஸ்ஸில் உங்களுக்கும் சேர்த்து சீட் பிடித்து வைக்கிறேன், ஏறுவதும் ஏறாததும் உங்கள் இஷ்டம் என்றேன். ஏறுவாரா என்று எனக்குத் தெரியாது. இதை வாசிக்கிற உனக்குத் தெரிந்திருக்கும்.

உன் அம்மா